ஐந்து சென்டிமீட்டர் சேற்றின் கணக்கு: ‘வாஸ்ப் 8’ நீர்த்தர மென்பொருள் மதிப்புரை

ஏரி, ஆறு, அணை முதலிய நன்னீர் நிலைகளில் மாசு எங்கே சேர்கிறது, எவ்வளவு காலம் தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்களில் ‘வாஸ்ப்’ மூத்தவற்றுள் ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைக் கட்டணம் எதுவும் வாங்காமல் யாருக்கும் வழங்குகிறது. முதுநிலைச் சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்களுக்கு நான்கு ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருகிறேன். அதன் எல்லாப் பிரிவுகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பாதரச மாசைக் கணக்கிட அது எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் நாமே பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டுமே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம்பகமான, நேர்மையான கருவி. ஆனால் பாதரசத்தைப் பொறுத்தவரை விடையைத் தீர்மானிக்கும் இரண்டு மூன்று எண்களை நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் இதைப் பயன்படுத்துபவர், தாம் எழுதிக் கொடுத்ததையே திரும்பப் பெற்றுக்கொண்டு அதை ஏரி சொன்ன பதில் என்று நம்பிவிடுவார்.

இதன் தொடக்க வடிவம் டி டோரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் ஆவணப்படுத்தியது. பின்னர் ஜார்ஜியா மாநிலத்து ஏத்தன்ஸ் நகரிலுள்ள முகமையின் ஆய்வகத்தில் ராபர்ட் ஆம்ப்ரோஸ், டிம் வூல் முதலியோர் அதைத் தொடர்ந்து வளர்த்தனர். பெரும் ஏரிகளில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை நச்சுவேதிப்பொருளின் மாசு, போட்டோமாக் கழிமுகத்தின் பாசிப் பெருக்கம், ஜேம்ஸ் ஆற்றில் கலந்த கீப்போன் பூச்சிக்கொல்லி, சவானா ஆற்றின் பாதரசம் எனப் பலவற்றுக்கு இது பயன்பட்டிருக்கிறது. ஏழாம் பதிப்பில் பாதரசத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. எட்டாம் பதிப்பில் மேம்பட்ட நச்சுப்பொருள் பிரிவுக்குள் அந்தக் கணக்கைச் செய்கிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பழைய கணினிகளில்கூடச் சிறிய ஏரி மாடல் ஒன்று சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் ஒரே மதியத்தில் ஐம்பது முறை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க முடிகிறது என்பதை நான் மிகப் பெரிய வசதியாகக் கருதுகிறேன்.

பாதரசத்துக்கு ஏன் மாடல் வேண்டும், நீரை எடுத்து அளந்துவிட்டால் போதாதா என்று முதல் வகுப்பிலேயே யாராவது கேட்பார்கள். அதற்கு நான் கொடைக்கானல் ஏரியைத்தான் எடுத்துக்காட்டுவேன். அங்கு இயங்கிவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் அறிவியலாளர்கள் அந்த ஏரியின் நீரை அளந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. அதில் ஏறத்தாழ 50 நானோகிராம் மெத்தில் பாதரசம், அதாவது நுண்ணுயிரிகளால் உருமாறி உயிர்களின் உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவம். இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம் வரை அனுமதிக்கிறது. பாதரசத்தை மட்டும் பார்த்தால், அந்த நீர் குடிநீர்த் தேர்வில் தேறிவிடும். ஆனால் மீனைத் தின்னும் பறவைகளையும் விலங்குகளையும் காப்பதற்காக அமெரிக்கப் பெரும் ஏரிகளுக்கு 1995-இல் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.3 நானோகிராம். ஒரே நீர் ஒரு கணக்கில் தேறுகிறது, இன்னொரு கணக்கில் முந்நூறு மடங்கு மீறுகிறது. இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் இருப்பது மீன். நீரில் கண்ணுக்கும் சாதாரணக் கருவிக்கும் எட்டாத அளவில் இருக்கும் மெத்தில் பாதரசம் பாசி, நுண்விலங்கு, சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் பெருகி, உண்பவரின் தட்டுக்கு வருகிறது. நீரை அளந்தால் அன்றைய நிலை தெரியும். அது எதனால் அப்படி இருக்கிறது, வெளியிலிருந்து வரும் பாதரசத்தைக் குறைத்தால் எப்போது குறையும் என்பவற்றுக்கு வரவுசெலவுக் கணக்கு எழுதியே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தாளில் எழுதச் சொல்வது என் வழக்கம். 1863-இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 24 ஹெக்டேர். சராசரி ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால் 7,20,000 கன மீட்டர் நீர். லிட்டருக்கு 400 நானோகிராம் என்றால் ஏரி நீர் முழுவதிலும் இருக்கும் பாதரசம் 288 கிராம். ஒரு மருத்துவ வெப்பமானியில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருக்கும். ஆக, சுமார் முந்நூறு வெப்பமானிகளில் இருந்தது அத்தனை பெரிய ஏரியில் கரைந்தும் துகளில் ஒட்டியும் கிடக்கிறது; குப்பியில் ஊற்றினால் இரண்டு மேசைக்கரண்டி கூட வராது. அடுத்து, அடிச்சேற்றின் மேல் 5 சென்டிமீட்டரைக் கணக்கிடச் சொல்வேன். பயிற்சிக்காக, ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 0.3 மில்லிகிராம் பாதரசம் என்றும், ஒரு கன மீட்டர் ஈரச் சேற்றில் 300 கிலோ உலர்பொருள் என்றும் வைத்துக்கொள்வோம். 12,000 கன மீட்டர் சேறு, 3,600 டன் உலர்பொருள், ஏறத்தாழ 1,080 கிராம் பாதரசம். மிகக் குறைவாக வைத்துக்கொண்ட அளவிலேயே, ஐந்து சென்டிமீட்டர் சேறு மூன்று மீட்டர் நீரைப் போல நான்கு மடங்கு பாதரசத்தை வைத்திருக்கிறது. ‘வாஸ்ப்’ செய்வதெல்லாம் அடிப்படையில் இந்தக் கணக்கைத்தான். ஆனால் ஒரு நாளின் சிறு பகுதிக்கு ஒரு முறை வீதம், பல ஆண்டுகளுக்கு, ஒரு கிராமையும் தொலைக்காமல் செய்கிறது.

மென்பொருளுக்குள் நுழைந்தவுடன் ஏரியைப் பெட்டிகளாகப் பிரிக்க வேண்டும். மேல்நீர் ஒரு பெட்டி, ஆழ்நீர் ஒரு பெட்டி, அதன் அடியில் மேல்வண்டல், அதற்கும் கீழே அடிவண்டல் என்று நான்கு பெட்டிகளோடு தொடங்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் கனஅளவு, ஆழம், வெப்பநிலை, கரைந்த கரிமத்தின் அளவு ஆகியவற்றைத் தர வேண்டும். பிறகு எந்தப் பெட்டியிலிருந்து எதற்கு நீர் பாய்கிறது, எந்த அளவு கலக்கிறது, வெளியிலிருந்து எவ்வளவு மாசு வருகிறது என்று அட்டவணை அட்டவணையாக நிரப்ப வேண்டும். திரைகள் அழகானவை அல்ல. ஆனால் மேல்வரிசையில் உள்ள பொத்தான்களை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போனால் எதுவும் விடுபடாது. புதியவருக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை. சிக்கலான நீரோட்டம் உள்ள கழிமுகங்களுக்கு ‘ஈ.எஃப்.டி.சி.’ போன்ற தனி நீரியக்க மாடலின் விடையை இதனோடு இணைத்துக்கொள்ளலாம். மலையூர் ஏரி ஒன்றுக்கு அது தேவையில்லை. எழுதி முடித்த விடைகளை வரைபடமாகப் பார்க்க உடன்வரும் வசதி போதுமானதாக இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பாதரசத்தை இது மூன்று வடிவங்களாக நடத்துகிறது: தனிம வடிவம், ஈரிணைதிறன் வடிவம், மெத்தில் வடிவம். தனிமப் பாதரசம் நீரின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு ஆவியாகிறது. ஈரிணைதிறன் பாதரசம் துகள்களோடும் கரைந்த கரிமத்தோடும் ஒட்டிக்கொண்டு மூழ்குகிறது. அதில் ஒரு பகுதி வெயில் பட்டுத் தனிமமாகிறது. இன்னொரு பகுதி ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிரிகளின் வழியாக மெத்தில் பாதரசமாகிறது. மெத்தில் பாதரசமும் வெயிலிலும் நுண்ணுயிரிகளாலும் சிதைந்து பழையபடி மாறுகிறது. துகள்கள் படிதல், கிளர்ந்து மேலெழுதல், புதிய வண்டலுக்கு அடியில் புதைதல் எல்லாவற்றுக்கும் தனித்தனி வேகங்கள் உண்டு. இந்த வேதியியலை இவ்வளவு தெளிவாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வேகம் என்று பிரித்து வைத்திருப்பதால்தான் இதை நான் பாடக்கருவியாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மாணவர் வெயிலின் அளவைக் குறைத்து ஓட்டிப் பார்த்து, ஆவியாகும் பாதரசம் குறைந்து நீரில் தங்குவது கூடுவதைத் தானே கண்டுபிடிக்கும்போது, கரும்பலகையில் நான் வரையும் எந்தச் சுழற்சிப் படமும் தராத தெளிவு கிடைக்கிறது.

இனி, என்னை இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. சென்ற பருவத்தில் ஏரி மாடலைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வரும் பாதரசத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு, ஏரி எத்தனை ஆண்டுகளில் தேறும் என்று வரைபடத்தில் காட்டினேன். கோடு மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், “மேடம், மேல்வண்டல் பெட்டிக்கு ஏன் ஐந்து சென்டிமீட்டர் கொடுத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் 0.05 என்று பழக்கத்தால் தட்டியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் தட்டுகிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை என்பதை அந்த நேரத்தில் உணர்ந்தேன். அவரையே முன்னே அழைத்து அதை 0.01 என்று மாற்றச் சொன்னேன். கோடு செங்குத்தாக விழுந்தது.

ஏன் என்பதைப் பெருக்கல் கணக்கிலேயே காட்டலாம். ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் புதிய வண்டல் படிகிறது, புதைவதைத் தவிரப் பாதரசத்துக்கு வேறு வழியில்லை என்று கொள்வோம். பெட்டி முழுவதும் நன்றாகக் கலந்திருப்பதாகவே மென்பொருள் கருதுவதால், 5 சென்டிமீட்டர் பெட்டியில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகும். 1 சென்டிமீட்டர் பெட்டியில் அதே மாற்றத்துக்கு மூன்றரை ஆண்டுகள் போதும். ஏரி மாறவில்லை, மாசு மாறவில்லை, வேதியியல் மாறவில்லை. நாம் கோடு போட்ட இடம் மட்டும் மாறியது. ஓர் ஊராட்சியோ நீதிமன்றமோ மாடல் செய்பவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ‘எத்தனை ஆண்டு?’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கான விடை, ஐந்தாவது திரையில், யாரும் நின்று பார்க்காத ஒரு கட்டத்தில் தட்டப்பட்ட எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. சேற்றுக்குள் புழுக்களும் பூச்சிப்பருவ உயிர்களும் எவ்வளவு ஆழம் வரை கிளறுகின்றன என்பதுதான் உண்மையில் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது. அதை ஏரியில் இறங்கித்தான் அறிய முடியும்.

இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு பெரும் சோதனை சான்று. ஒன்டாரியோ மாநிலத்தின் சோதனை ஏரிகள் பகுதியில், 658 என்று எண்ணிட்ட ஏரியிலும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், 2001 முதல் 2007 வரை, அடையாளம் காணத்தக்க பாதரச ஐசோடோப்புகளைச் சிறிய அளவில் சேர்த்தார்கள். ஏரி நீரில் நேரடியாகச் சேர்த்த பாதரசம் விரைவில் மீனில் தெரிந்தது. நிலத்தில் சேர்த்ததில் மிகக் கொஞ்சமே மீனை எட்டியது. சேர்ப்பதை நிறுத்திய பிறகு எட்டே ஆண்டுகளில், புதிதாகச் சேர்த்த பாதரசத்தின் அளவு சிறிய மீன்களில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. மீனைத் தின்னும் பெரிய ‘பைக்’ வகை மீன்களில் அது முக்கால் பங்கு அளவுக்கும், வெண்மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. புதிதாக விழும் பாதரசமும் பல்லாண்டுகளாகச் சேற்றில் கிடக்கும் பாதரசமும் ஒரே வேகத்தில் மெத்திலாவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் ‘வாஸ்ப்’பின் வழக்கமான அமைப்பில், ஒரே பெட்டிக்குள் வந்துவிட்ட ஈரிணைதிறன் பாதரசம் எல்லாம் ஒன்றுதான், நேற்று மழையில் வந்ததற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன் படிந்ததற்கும் வேறுபாடு இல்லை. காற்றிலிருந்து விழும் பாதரசமே பெரும்பங்கு வகிக்கும் சவானா போன்ற ஆறுகளில் இந்தக் குறை அவ்வளவு தெரியாது. ஓர் ஆலையின் பழைய கழிவு அடியில் உறைந்து கிடக்கும் ஏரியில் இது விடையையே புரட்டிவிடும்.

மெத்திலாகும் வேகம் இன்னும் பெரிய சிக்கல். மென்பொருள் அதை நாளொன்றுக்கு இத்தனை பங்கு என்ற ஒற்றை எண்ணாகக் கேட்கிறது. சேற்றின் சல்பேட், கரிமம், வெப்பம், ஆக்சிஜன் இவை எல்லாவற்றையும் பொறுத்து இயற்கையில் அந்த வேகம் நூறு மடங்குக்கும் மேல் மாறக்கூடியது. வெப்பநிலைக்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. மற்றவற்றை நாமே யோசித்து அந்த ஓர் எண்ணுக்குள் அடக்க வேண்டும். எல்லா மாற்றங்களும் நேர்விகிதமாகவே நடப்பதாக மாடல் கருதுவதால், வெளியிலிருந்து வரும் பாதரசத்தைப் பாதியாக்கினால் காலப்போக்கில் நீரிலும் சேற்றிலும் எல்லா வடிவங்களும் பாதியாகும் என்பது ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்த விடை. இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. நமக்குத் தெரிந்த வேதியியலுக்கு மேல் அது எதையும் பாசாங்கு செய்வதில்லை என்பதற்கு இதுவே அடையாளம். ஆனால் அறிக்கை எழுதுபவர்கள் ‘மாடலின்படி பாதியாகக் குறையும்’ என்று எழுதும்போது, அது கண்டுபிடிப்பு அன்று, தொடக்க அனுமானம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை நான் அதிகம் பார்த்ததில்லை என்பது வருத்தமான செய்தி.

மீனைப் பொறுத்தவரை, ‘வாஸ்ப்’ நீரிலும் சேற்றிலும் நின்றுவிடுகிறது. உணவுச் சங்கிலி அதற்குள் இல்லை. எனவே நீரில் கரைந்த மெத்தில் பாதரசத்தின் அளவை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி மீனின் அளவைச் சொல்வது பலருடைய வழக்கம். அமெரிக்க முகமை 2001-இல் மீனின் தசைக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தபோது, சிறு உயிர்களைத் தின்னும் மீன்களுக்கு 6,80,000 என்றும், மீனைத் தின்னும் மீன்களுக்கு 27,00,000 என்றும் பெருக்கெண்களைத் தன் ஆவணத்தில் தந்தது. இவை பல நீர்நிலைகளிலிருந்து திரட்டிய நடுத்தர மதிப்புகள். ஒவ்வொரு நீர்நிலைக்கும் பெரிதும் வேறுபடும் என்பது அதே துறையினர் ஒப்புக்கொண்டது. கொடைக்கானல் ஏரியின் 50 நானோகிராமைக் கண்ணை மூடிக்கொண்டு 6,80,000-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 34 மில்லிகிராம் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதி மெத்தில் பாதரசத்துக்கு அனுமதிப்பது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். 34 என்பது ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் மெத்தில் பாதரச நச்சு நோய் உச்சத்தில் இருந்தபோது மீன்களிலும் சிப்பிகளிலும் கண்ட அளவுகளின் வரிசையில் வைக்கத்தக்க எண். வகுப்பில் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டிவிட்டு, இதை அப்படியே அறிக்கையில் எழுதலாமா என்று கேட்பேன். எழுதக்கூடாது. மிகக் குறைந்த செறிவுள்ள நீர்நிலைகளில் கிடைத்த பெருக்கெண்ணை மிக அதிகச் செறிவுள்ள ஏரிக்குக் கொண்டுவருவது தவறு. அதிலும், பாசி நிறைந்த நீரில் ஒரே அளவு மெத்தில் பாதரசம் ஏராளமான பாசிச் செல்களில் பிரிந்துபோவதால், ஒவ்வொரு செல்லிலும் செறிவு குறைகிறது. மீனுக்குச் செல்வதும் குறைகிறது.

பாசி பற்றிய இந்தச் செய்தி முக்கியமானது. நம் ஏரிகளில் கழிவுநீரும் உரச்சத்தும் கலந்து பாசி பெருகுவதும் பாதரசச் சிக்கலும் வேறு வேறு அல்ல. கழிவுநீரை நிறுத்திப் பாசியைக் குறைத்தால் நீர் தெளியும். ஆனால் மீனில் பாதரசம் தற்காலிகமாகக் கூடவும் செய்யலாம். மறுபுறம், பாசி செத்து அடியில் மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து, மெத்திலாக்கும் பாக்டீரியாவுக்கு வசதியான இடம் உருவாகிறது. இந்த இருபுற இழுபறியைத்தான் ஒரு நல்ல மாடல் எடைபோட வேண்டும். ‘வாஸ்ப்’பில் பாசிப்பெருக்கத்துக்கு அருமையான பிரிவும் நச்சுப்பொருளுக்கு அருமையான பிரிவும் உண்டு, இரண்டும் தனித்தனியே இருப்பதால், முதலாவதில் கிடைத்த பாசி, கரிமம் ஆகியவற்றின் அளவை இரண்டாவதற்கு நாமே கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. முடியாத வேலையன்று, ஆனால் இந்த இணைப்பு உள்ளேயே இருந்திருந்தால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு அதன் பயன் பலமடங்காகியிருக்கும்.

மீன் வரைக்கும் போக வேண்டியவர்களுக்கு வேறு கருவிகள் உள்ளன. அதே ஏத்தன்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த ‘பாஸ்’ மீன்களின் வளர்ச்சியையும் உணவையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ‘டி.எம்.சி.எம்.’ என்ற ஏரிப் பாதரச மாடல் உணவுச் சங்கிலியையும் தன்னுள் கொண்டது. எக்செல் தாளிலேயே இயங்கும் ‘செராஃபம்’ என்பது நீர்ப்பிடிப்பு, நீர், சேறு, மீன், மீன் தின்னும் உயிர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் மாறாநிலைக் கணக்காகக் காட்டும். காலத்தோடு மாறுவதை அது காட்டாது. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்கலாம். முதல்முறை பாதரசக் கணக்கு எழுதுபவர்கள் ‘செராஃப’த்தில் ஒரு வாரம் செலவிட்டுவிட்டு ‘வாஸ்ப்’புக்கு வருவது நல்லது என்று பரிந்துரைக்கிறேன்.

மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு உண்ணக் கொடுக்கும் தரவு நம்மிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள ஏரி ஒன்றின் நீரைப் பயிற்சிக்காகப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். எட்டுக் குப்பிகளுக்கும் ‘பி.டி.எல்.’ என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே திரும்பி வந்தன. கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பொருள். அவர்களுடைய எல்லை லிட்டருக்கு 1000 நானோகிராம். குடிநீர்ச் சான்றிதழுக்கு அது போதும், அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் 999 நானோகிராமும் பூச்சியமும் ஒரே விடையாக வரும் இடத்தில் எந்த மாடலையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. அமெரிக்க முகமையின் 1631-ஆம் செய்முறை லிட்டருக்கு அரை நானோகிராம் வரை நம்பிக்கையோடு அளக்கும். அதற்கேற்ப நீர் எடுக்கும் முறையும் கடுமையானது: இருவர் இறங்க வேண்டும், ஒருவர் வெளிப்பையையும் கருவியையும் மட்டும் தொடுவார், மற்றவர் உள்பையையும் குப்பியையும் மட்டும் தொடுவார். மூச்சுக் காற்றும் விரல் நுனியும்கூட மாதிரியைக் கெடுத்துவிடும். கையுறை மாட்டிக்கொண்டு, முழங்கால் அளவு நீரில் நின்று, ஒருவர் திறந்த பைக்குள் மற்றவர் கைவிட்டுக் குப்பியை எடுக்கும் இந்த ஒத்திகையை எங்கள் மாணவர்கள் மூன்று முறை செய்து பார்த்தார்கள். திரையில் நானோகிராம் என்று தட்டுவதற்கும் ஒரு நானோகிராமைக் கெடுக்காமல் கரைக்குக் கொண்டுவருவதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

கற்றுக்கொள்ள உதவும் பொருள்கள் தாராளமாக உள்ளன. பயனர் கையேடுகள், ஒவ்வொரு பிரிவுக்குமான பயிற்சிப் பாடங்கள் ஆகியவற்றை முகமையே இலவசமாகத் தருகிறது. அவை எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. எடுத்துக்காட்டுகள் யாவும் அமெரிக்க ஆறுகளும் ஏரிகளும். ஆண்டு முழுவதும் 25 பாகைக்குக் குறையாத நீர், ஆடியில் வற்றி ஐப்பசியில் நிரம்பும் கண்மாய், நான்கு மாதம் காய்ந்து வெடிக்கும் அடிச்சேறு என்று நம் சமவெளி நீர்நிலைகளுக்கே உரிய நிலைமைகளை அவற்றில் காண முடியாது. காய்ந்த சேறு மீண்டும் நனையும்போது மெத்தில் பாதரசம் திடீரென்று உயரக்கூடும் என்பது நீர்த்தேக்கங்களில் அறியப்பட்ட ஒன்று. அந்த ஏற்றத்தைக் காட்ட விரும்புபவர், கனஅளவு பூச்சியத்தை நெருங்கும் பெட்டியைக் கவனமாகக் கையாள வேண்டும். நீர் ஒருபோதும் முழுவதும் வற்றாதபடி ஒரு சிறிய அளவை விட்டுவைப்பதே எங்களுக்குக் கைகொடுத்த வழி.

ஆக, யாருக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்? நீரியலும் அடிப்படை வேதியியலும் தெரிந்த, எந்த எண் தன்னுடையது, எந்த எண் இரவல் என்று பட்டியலிட்டு வைக்கும் பொறுமையுள்ள மாணவர்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறைப் பொறியாளர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மாசுபட்ட ஓர் ஏரியில் அடுத்து எதை அளக்க வேண்டும் என்று முடிவெடுக்க இதைவிட மலிவான துணை கிடையாது: ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்தும் பாதியாக்கியும் ஓட்டினால், விடையை அதிகம் அசைப்பது எதுவோ அதை அளக்கப் போகலாம். மீனை உண்ணலாமா கூடாதா என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் மட்டும் மாடலை ஓரமாக வைத்துவிட்டு மீனையே அளக்கட்டும். அது விரைவானது, உறுதியானது, யாரும் மறுக்க முடியாதது.

எங்கள் வகுப்பில் ஓட்டிப் பார்த்ததில் விடையை அதிகம் அசைத்தவை இரண்டு: மெத்திலாகும் வேகமும் அந்த 0.05 என்ற எண்ணும். முதலாவதை அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. இரண்டாவதற்கு, வரும் பருவத்தில் குழாயை இறக்கிச் சேற்று உருளை எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அரிந்து, ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தைக் கொண்டு வண்டலின் வயதையும், மேற்சேறு எவ்வளவு ஆழம் வரை கலந்திருக்கிறது என்பதையும் கணிக்க ஏற்பாடு செய்துவருகிறோம். கேள்வி கேட்ட மாணவிதான் அந்தக் குழுவின் தலைவி.